லிஃப்ட் பெட்டிக்கு மேலே யார் ஏறுவது

நித்யா,

உறுதியான செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன். வரும் திங்கட்கிழமை காலை முதல் உன் நிறுவனத்தின் லிஃப்ட் மெக்கானிக்குகள் யாருக்கும் நிரந்தரக் கூட்டாளி கிடையாது. எந்தக் கட்டடத்திலிருந்து புகார் வந்தாலும், அந்த நேரத்தில் அதற்கு மிக அருகில் இருக்கும் இரண்டு பேரைப் போனில் உள்ள செயலியே தேர்ந்தெடுத்து அனுப்பும். முதலில் போய்ச் சேருகிறவர் லிஃப்ட் பெட்டியின் மேல் ஏறிப் பார்ப்பார். அடுத்து வருகிறவர் மொட்டை மாடியில் உள்ள மோட்டார் அறைக்குப் போவார். இதற்கு ஆதாரம் நீதான். வியாழக்கிழமை மாலை, ஈக்காட்டுத்தாங்கலில் அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போது போனில் சொன்னாய். தேதி மாறாது என்றும் சொன்னாய். ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று நான் கேட்டேன். ஏன் என்று நீ கேட்டாய். என்னால் சொல்ல முடியவில்லை. இன்று சனிக்கிழமை. மயிலாப்பூர் வீட்டில் உட்கார்ந்து, அன்று சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நிருபராக வேலை பார்த்த காலம் முழுவதும், விபத்து நடந்த பிறகுதான் நான் அந்த இடத்துக்குப் போயிருக்கிறேன். நடக்கும் முன்பே ஒரு விபத்தின் விலாசம் கையில் கிடைத்தது இதுதான் முதல் தடவை. இதை மறுபடி போனில் பேசியிருக்கலாம். பேசினால், எனக்கு விஷயம் சொன்ன ஆளைப் பற்றி நீ “யாரும்மா அது?” என்று கேட்பாய். எத்தனையோ அதிகாரிகளும், ஒரு தடவை போலீஸும்கூட, அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நான் வாய் திறந்ததில்லை. ஆனால் உன் குரலுக்கு முன்னால் அந்த உறுதி நிற்குமா என்று எனக்கே சந்தேகம். அதனால் எழுத்து. இது முதலில் உனக்கு மட்டும் வருகிறது. நீயும் அந்த மனிதரும் சரி என்று சொன்னால்தான் மற்றவர்கள் படிக்க அச்சுக்குக் கொடுப்பேன். உன்னைப் போல மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து, “இவங்க ஏன் எதுக்கும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க” என்று தலையைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள்.

உன் பக்க நியாயத்தை மறைக்க மாட்டேன். அடையாறில் ஒரு அடுக்குமாடியில், சர்க்கரை நோய் உள்ள ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டார். உங்கள் மெக்கானிக் ஒருவர் அடுத்த தெருவிலேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய ஜோடி கோடம்பாக்கம் போயிருந்தார். ஜோடி இல்லாமல் அவர் போகவில்லை. அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேறு இரண்டு பேர் போக்குவரத்தில் நகர்ந்து வந்து சேரும்வரை, வாத்தியாரின் மனைவி கதவைக் கையால் தட்டிக்கொண்டே அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். நீ மறுநாள் அவர்கள் வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டாய். அன்றிரவு என் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாய். இந்தத் திட்டம் அன்றைக்குப் பிறந்தது. யாரையும் கசக்கிப் பிழிவதற்காக நீ இதைக் கொண்டுவரவில்லை என்று எனக்குத் தெரியும். உன் திட்டம் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். திங்கட்கிழமையைத்தான் நினைத்துப் பயப்படுகிறேன்.

மெக்கானிக்குகள் இதை ஏற்கவில்லை. அவர்கள் சொன்ன காரணங்களை நீ ஒவ்வொன்றாக வந்து என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். செயலி ஓடினால் போனில் சார்ஜ் நிற்காது என்றார்கள். ஆளுக்கொரு பவர் பேங்க் வாங்கிக் கொடுத்தாய். சுற்றி அலைந்தால் பெட்ரோல் கட்டுப்படியாகாது என்றார்கள், அதையும் சரிசெய்தாய். மோட்டார் அறையில் சிக்னல் கிடைக்காது என்றார்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஓடும்படி செயலியை மாற்றினாய். கடைசியில் ஒருவர் எழுந்து, தெரியாத ஆளோடு போனால் எனக்கு ராசி இல்லை மேடம் என்றாராம். நீ அதைச் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். “ஒண்ணு சரி பண்ணா இன்னொண்ணு கொண்டு வராங்கம்மா. மாற்றம்னாலே இவங்களுக்கு அலர்ஜி” என்றாய். ஹோட்டலில் நடந்த பயிற்சி வகுப்பில் ஒருவர் படம் போட்டுக் காட்டினாராம், ஊழியர்கள் முதலில் மறுப்பார்கள், பிறகு கோபப்படுவார்கள், பிறகு வழிக்கு வருவார்கள் என்று. இவர்கள் இப்போது இரண்டாவது கட்டத்தில் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாய்.

எனக்கு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. காரணம் தீரத் தீர இன்னொரு காரணம் வருகிறது என்றால், சொல்லப்படும் எதுவும் காரணம் இல்லை என்று அர்த்தம். பேட்டி எடுக்கும் வேலையில் முதலில் கற்றுக்கொண்டது அது. இன்னொரு விதத்திலும் எனக்கு அது தெரியும். நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

நீ பிறப்பதற்கு முந்தைய கதை. பத்திரிகையில் நகரச் செய்திக்கு நானும் புகைப்படக்காரர் டேவிட் அண்ணனும் எப்போதும் ஒன்றாகத்தான் போவோம், அவருடைய ஸ்கூட்டரில். ஒரு நாள் ஆசிரியர் கூப்பிட்டு, இனிமேல் புகைப்படக்காரர்கள் எல்லாருக்கும் பொது, யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் போவார்கள், நிருபர்கள் தனியாகப் போய்க்கொள்ளலாம் என்றார். நான் கடுமையாக எதிர்த்தேன். படம் தாமதமாக வரும், செய்திக்கும் படத்துக்கும் சம்பந்தம் இருக்காது, பத்திரிகையின் தரம் போய்விடும் என்று வாதாடினேன். ஆசிரியர் நல்ல மனிதர். நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, படங்களை வேகமாகக் கொண்டுவர பைக்கோடு ஒரு ஆளையே வேலைக்குப் போட்டார். எனக்கு அழுகை வந்தது. என் பிரச்சினை படம் இல்லை. குடிசைகள் தீப்பிடித்து எரியும் இடத்திலும், ஊர்வலத்திலும், கூட்டம் நெருக்கும்போது எங்கிருந்தோ கைகள் வரும். டேவிட் அண்ணன் என் தோளுக்குப் பின்னால் கேமரா பையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் அப்படி நிற்கிறார் என்பதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆசிரியரிடம் நான் எப்படிச் சொல்வேன்? பயமாக இருக்கிறது என்று சொன்ன அடுத்த நிமிடம், “அப்படின்னா வார இதழுக்கு மாத்திடறேன்மா, அங்க பாதுகாப்பு” என்பார். அக்கறையோடுதான் சொல்வார். அந்த அக்கறைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். பிறகு தனியாகத்தான் போனேன். ஆனால் எங்கே போவது என்பதை நானே சத்தமில்லாமல் சுருக்கிக்கொண்டேன். ஆற்றங்கரைக் குடிசைப் பகுதிச் செய்திகள் எங்கள் பத்திரிகையில் கொஞ்ச காலம் குறைந்தே போயின. யாரும் கவனிக்கவில்லை. புதிய ஏற்பாடு வெற்றி என்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள்.

அதனால்தான் போன செவ்வாய்க்கிழமை தி. நகரில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போனபோது, அங்கே லிஃப்ட் சர்வீஸ் நடக்கிறது, வந்திருப்பது உன் நிறுவனத்து ஆட்கள் என்று தெரிந்ததும் நான் சும்மா இருக்கவில்லை. வேண்டுமென்றேதான் மொட்டை மாடிக்குப் போனேன். சிநேகிதி கொடுத்த மோர் இரண்டு டம்ளர் கையில் இருந்தது, அது சாக்கு. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தி. நகர் உண்மையில் தி. நகராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சேகர், பாஷா பாய் என்று நான் எழுதப்போகும் பெயர்களும் அப்படித்தான். வருகைப் பதிவைப் புரட்டி யார் எங்கே போனார்கள் என்று தேடாதே. தவறான ஆள்தான் உன் கையில் கிடைப்பார். நடந்ததை மட்டும் நடந்தபடி எழுதுகிறேன்.

மோட்டார் அறை நிழலில் சேகர் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். கண்கள் இறுக மூடியிருந்தன. இரண்டு உள்ளங்கையையும் தரையில் அழுத்தி ஊன்றியிருந்தார், தரை நகர்ந்துவிடும் என்பதுபோல. பாஷா பாய் எதிரில் குந்தி அவருடைய தோள்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். இருவரும் என்னைப் பார்க்கவில்லை.

“இன்னா நைனா, இன்னும் சுத்திக்கினு கீதா?”

“கொஞ்சம் கம்மியாயிக்கினு கீது பாய். கைய எடுத்துடாத.”

“பூமி எப்பவும் சுத்திக்கினுதான் கீது. ஊர்ல யாருக்கும் தெரியல, உனக்கு மட்டும் தெரியுது. நீ பெரிய ஆளு.”

சேகர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். அப்புறம் திறந்தார், என்னைப் பார்த்தார். பாஷா பாய் சட்டென்று எழுந்து, வெயில் ஜாஸ்திம்மா, தண்ணி குடிக்காம வேலை செஞ்சான் என்றார். நான் மோரைக் கொடுத்தேன். இங்கே குடியிருப்பவள் என்று சொல்லிவிட்டு நழுவியிருக்கலாம். ஆனால் யாரிடமும் நான் யார் என்று சொல்லாமல் செய்தி வாங்கியதில்லை. உங்கள் மேடம் நித்யாவின் அம்மா நான் என்றேன். சேகர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “முடிஞ்சுது பாய்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த முகத்தை நான் இதற்கு முன்னால் நீதிமன்ற வராந்தாவில் பார்த்திருக்கிறேன்.

பேச வைக்க நேரமாயிற்று. சொன்னதன் சுருக்கம் இது. காதுக்குள் ஏதோ கோளாறு. எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் சுவரும் தரையும் சுழலும், கொஞ்ச நேரம் எங்கே பிடிப்பது என்றே தெரியாது. முன்பு எப்போதாவது வந்தது, இப்போது அடிக்கடி வருகிறது. உயரத்தில் ஏறக் கூடாது என்று அரசு மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். மருந்து சாப்பிடுகிறார். ஆற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்த பிறகு குடும்பத்தை ஊருக்கு வெளியே குடிவைத்திருக்கிறார்கள். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். வேறு வேலை தெரியாது. மருத்துவமனையில் சொன்ன நாளிலிருந்து, பெட்டிக்கு மேலே ஏறும் வேலை முழுவதும் பாஷா பாயுடையது. மோட்டார் அறை வேலையும் கீழ்க் கதவு வேலையும் சேகருடையது. வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போகும்போது, போன் வந்தால் “பாய் மேல ஏறியிருக்காரு” என்று சேகர் சொல்லிவிடுவார். வேலையும் அவர் வரும்வரை காத்திருக்கும். இது இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள ஏற்பாடு. உன் அலுவலகத்தில் எங்கேயும் இது கிடையாது.

பெட்டிக்கு மேலே ஏறுவது என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாடியின் லிஃப்ட் கதவைச் சாவி போட்டுத் திறப்பார்கள். பெட்டி கொஞ்சம் கீழே நிற்கும். அதன் கூரை மேல் காலை வைத்து இறங்க வேண்டும். கூரையைச் சுற்றிலும் சுவருக்கும் பெட்டிக்கும் இடையே இடைவெளி. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. இடுப்பு பெல்ட்டை மாட்டுவதற்கு முன்னால், கதவுக்கும் கூரைக்கும் நடுவே, ஒரு கால் இங்கேயும் ஒரு கால் அங்கேயுமாக இருக்கும் அந்த ஒரு கணத்தைத்தான் நான் செவ்வாய்க்கிழமையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சமையல் செய்யும்போது பார்க்கிறேன். நம் கட்டடத்து லிஃப்ட்டில் ஏறாமல் படியில் நடக்கிறேன்.

அப்படியென்றால் கூட்டத்தில் ஏன் போன் சார்ஜ், பெட்ரோல் என்றெல்லாம் பேசினீர்கள் என்று கேட்டேன். சேகர் என்னையே பார்த்தார். “வேற இன்னாத்த சொல்றது மேடம்? எனக்குத் தல சுத்துதுன்னா? வூட்டுக்குப் போன்னுவாங்க.” புதிதாக யாரோடு அனுப்பினாலும் அவரிடம் சொல்லிப் பார்க்கலாமே என்றேன். பாஷா பாய்தான் பதில் சொன்னார். ஒருத்தனிடம் ஒரு நாள் சொல்லலாம். தினம் ஒருத்தனிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் அலுவலகத்துக்குப் போய்விடும் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, “எல்லார்கிட்டயும் ஒண்ணு கீதும்மா” என்றார். ஒரு ஜோடியில் ஒருவர் பாதி நாள் வெளியே சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறார், மற்றவர் சமாளிக்கிறார். இன்னொரு ஜோடியில் ஒருவருக்குக் காலையிலேயே குடி. மற்றவர் அவரைத் தேறும்வரை வண்டியில் உட்கார வைத்துவிட்டு வேலையை முடிக்கிறார். இவை நான் பார்த்தவை அல்ல, பாய் சொன்னவை. அந்த அளவுக்கே எடுத்துக்கொள்.

எனக்கு விளங்கியது அப்போதுதான். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் ஒரு உண்மையான காரணம் இருந்தது. சிலருடையது நியாயம், சிலருடையது அயோக்கியத்தனம். ஒருவர் தன்னுடையதைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவருடையதும் வெளியே வந்துவிடும். அதனால் யாருக்கும் பங்கம் வராத ஒரு பொய்யை எல்லாருமாகத் தேர்ந்தெடுத்தார்கள். நீ அந்தப் பொய்யோடு மாதக் கணக்கில் நேர்மையாகச் சண்டை போட்டு ஜெயித்திருக்கிறாய். சேகரும் குடிகாரரும் உன் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிறார்கள், “எதற்கும் ஒத்துக்கொள்ளாதவர்கள்” என்று. அவர்களுக்கும் நீ ஒரே மாதிரிதான் தெரிகிறாய்.

உனக்கு இது புரியாமல் போகாது, ஏனென்றால் நீயே இதைச் செய்திருக்கிறாய். ஐந்தாம் வகுப்பில் புது டீச்சர் எல்லாரையும் உயரப்படி மாற்றி உட்கார வைத்தார். நீ பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம் பிடித்தாய். புது இடத்தில் ஃபேன் காற்று வரவில்லை என்றாய். நான் போய் டீச்சரிடம் ஃபேனைப் பற்றிப் பேசினேன். பக்கத்தில் உட்காரும் பெண் பென்சிலைக் கடிக்கிறாள் என்றாய்; அதற்கும் பேசினேன். மதிப்பெண் குறைந்தபோது உன்னை அடிக்கவும் செய்தேன். கடைசியில் அந்த டீச்சர்தான், எனக்கு எதிரிலேயே, உன்னிடம் கேட்டார்: “ஷீலா பக்கத்துல இருந்தா அவ உனக்கு என்னடா பண்ணுவா?” நீ யோசிக்கவே இல்லை. “போர்டுல இருக்கறத மெதுவா படிச்சுக் காட்டுவா மிஸ்” என்றாய். அந்த வாரமே லஸ் முனையில் உனக்குக் கண்ணாடி வாங்கினோம். கண் தெரியவில்லையா என்று கேட்டிருந்தால், தெரியும் என்றுதான் நீ சொல்லியிருப்பாய். எனக்கும் அப்பாவுக்கும் தெரியாமல், ஒரு வருடமாக ஷீலாவின் கண்ணால் நீ படித்திருக்கிறாய்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். ஒரு வாரம் தள்ளிப்போடு என்றதும் நீ சொன்னவை எனக்கு வரிசையாக நினைவிருக்கின்றன. எல்லாருக்கும் போன் வாங்கியாயிற்று என்றாய். ஒரு வாரத்தில் போன் கெட்டுப்போகாது என்றேன். பயிற்சி முடிந்துவிட்டது, மறந்துவிடுவார்கள் என்றாய். ஒரு வாரத்தில் மறக்கும் பயிற்சி என்ன பயிற்சி என்றேன். வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு போய்விட்டது என்றாய். இன்னொரு அறிவிப்பு அனுப்பலாம் என்றேன். “நியூஸ் எடுக்க உனக்கு என் கம்பெனிதான் கிடைச்சுதா?” என்றாய். அப்புறம், “போன்ல சார்ஜ் இல்லம்மா, வெச்சுடறேன்” என்று வைத்துவிட்டாய். பவர் பேங்குகளை மொத்தமாக வாங்கிக் கொடுத்தவள் நீ. எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

காரணம் தீரத் தீர இன்னொரு காரணம். அப்படியென்றால் நீ சொன்ன எதுவும் காரணம் இல்லை. நான் ஊகிக்கிறேன், தவறென்றால் திருத்து. உன் முதலாளி உன்னைப் பற்றி, “மேடம் ரொம்ப சாஃப்ட், பசங்க ஏமாத்திடுவாங்க” என்று மற்றவர்களிடம் சொன்னதாகத் தீபாவளியன்று சொன்னாய். சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினாய். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நீ. அவர் முன்னால் போய், சார், இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று கேட்டால் அவர் சொன்னது நிஜமாகிவிடும் என்று பயப்படுகிறாய். என்னிடம்கூட அதைச் சொல்ல முடியவில்லை. சேகருக்கு வேலை போய்விடுமோ என்று பயம். உனக்கும் கிட்டத்தட்ட அதேதான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். விழப்போவது அவர்; ஆனால் அவர் விழுந்த பிறகு, நீ எப்படி வாழ்நாள் முழுவதும் எழுந்து நிற்பாய் என்பது எனக்குத் தெரியவில்லை. ஒரு தாயாக எனக்கு அந்தப் பயம் முதலில் வருகிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எல்லாருக்கும் மருத்துவப் பரிசோதனை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று உனக்குத் தோன்றும். வைத்தால் சேகர் கிடைப்பார், வீட்டுக்கு அனுப்புவீர்கள். அடுத்த சேகர் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்வார். குடிகாரர் அன்று மட்டும் குடிக்காமல் வருவார். நான் கேட்பது இரண்டே விஷயம். பெட்டிக்கு மேலே ஏறச் சொல்லும்போது யாராவது மாட்டேன் என்றால், காரணம் கேட்காமல் மற்றவர் ஏறட்டும். இருவருமே மாட்டேன் என்றால் வேறு ஆள் வரும்வரை காத்திருக்கட்டும். வாத்தியாரைப் போல ஒருவர் உள்ளே மாட்டியிருந்தால் அந்தக் காத்திருப்பு எவ்வளவு கொடுமை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இன்னொன்று, அவர்களைக் கூட்டமாக உட்கார வைத்து “என்ன பிரச்சினை” என்று இனிமேல் கேட்காதே. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உங்கள் ஜோடி உங்களுக்காக என்ன செய்வார் என்று கேள். அவரைப் பற்றிக் கேட்டால் சொல்வார்கள். தன்னைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். இதற்கெல்லாம் ஒரு வாரம் வேண்டும். அதைத்தான் உன் முதலாளியிடம் கேட்கச் சொல்கிறேன். பயந்துகொண்டேயாவது கேள்.

நேற்று, வெள்ளிக்கிழமை, கிண்டிப் பக்கம் ஒரு டீக்கடையில் சேகரை மறுபடி பார்த்தேன். பெயரைச் சொல்ல மாட்டேன் என்று மாடியில் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கைத் திங்கட்கிழமை வரை என்னால் காப்பாற்ற முடியாது என்பதைச் சொல்லத்தான் போனேன். நீங்களே என் மகளிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும் என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்; குடிக்கவில்லை.

“சொன்னா வேலை பூடும் மேடம்.”

சொல்லாவிட்டால் என்று கேட்டேன்.

“சொல்லாங்காட்டி இன்னான்னு எனக்குத் தெரியாதா? நான் பெட்டி மேல நின்னவன்.” டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். “உங்க பொண்ணு எப்டி? கத்துவாங்களா?”

கத்த மாட்டாள், ஆனால் முதலில் குரல் கடுமையாக இருக்கும், அது பயத்தில் வருவது என்றேன். அவருக்கு அது ஆச்சரியமாக இருந்தது. “மேடமுக்கு இன்னா பயம்?” என்றார். அதை அவளிடமே கேளுங்கள் என்றேன். அது உன்னுடைய விஷயம். நீ சொல்ல வேண்டும். எழுந்திருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் போன் செய்கிறேன், பாய் பக்கத்தில் இருப்பார் என்றார். உன் எண்ணை அவர் போனிலேயே சேமித்துக் கொடுத்தேன். உன்னைக் கேட்காமல் கொடுத்ததற்கு நீ என்னோடு சண்டை போடலாம், செவ்வாய்க்கிழமைக்கு மேல்.

இந்த நேரம்வரை நிலுவையில் இருப்பவை இவை. அவர் உன்னைக் கூப்பிடுவாரா என்பது உறுதியாகவில்லை. இன்று காலை நான் அனுப்பிய செய்தியைப் பார்த்திருக்கிறார், பதில் இல்லை. உன் முதலாளி ஒரு வாரம் தருவாரா என்பது நீ கேட்டால்தான் தெரியும். கேட்பாயா என்பதும் எனக்குத் தெரியாது. செயலி முதல் வேலையை ஒதுக்குவது திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. அவர் சொன்ன நேரம் ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆறு மணிக்குள். தெரியாத எண்ணாக இருந்தாலும் எடு. முதலில் சம்பந்தமில்லாத எதையாவது பேசுவார், பேசவிடு, வைத்துவிடாதே. ஆறு மணி தாண்டியும் அவர் கூப்பிடவில்லை என்றால் நான் கூப்பிடுவேன். அந்தப் போனில் அவருடைய உண்மையான பெயரைச் சொல்வேன். அப்படி ஒரு பெயரை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா